பந்து போட்டும் சிறுத்தை நடையை ஏன் நிறுத்தவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: அடைப்பில் வாழும் சிறுத்தை ஒன்று வேலியோரமாக ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக இருக்கிறது. அடைப்பை ஒன்றரை மடங்கு பெரிதாக்கியாயிற்று. பெரிய பந்தும் தொங்கும் டயரும் போட்டாயிற்று. முதல் நாலைந்து நாள் நடை குறைந்தது, இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. சூழல் வளமூட்டல், அதாவது என்ரிச்மென்ட், உண்மையிலேயே பலன் தருமா? தருமென்றால் எங்கே தவறு நடந்தது?

பலன் தரும். "இன்னும் என்ன போடலாம்" என்ற இடத்திலிருந்து தொடங்கியதுதான் தவறு. இந்த விலங்கு எதைச் செய்யப் பார்த்து, முடியாமல் இப்படி நடக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அதற்கு விடை தெரியாமல் போடும் பந்து, காதுவலிக்குக் கண்மருந்து விட்டதற்குச் சமம்.

இதைப் புரியவைக்க ஜெர்பிலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஜெர்பில் வளை தோண்டி வாழும் சிறு கொறிவிலங்கு. கூண்டில் வளர்ந்தால் ஒரு மூலையில் போய் நின்று, இல்லாத மண்ணை முன்னங்கால்களால் நெடுநேரம் பறித்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: தோண்ட மண் இல்லை, மண்ணைக் கொடுத்தால் சரியாகிவிடும். கிறிஸ்டோஃப் வீடன்மாயர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் மணல் கொடுத்துப் பார்த்தார்; மூலைத் தோண்டல் வராமல் போகவில்லை. குழாய் போன்ற வாசல் வழியாக நுழையும் இருண்ட அறை ஒன்றை வைத்தார். அந்த அறையுடன் வளர்ந்த குட்டிகளிடம், தோண்ட மணலே இல்லாதபோதும், அந்தப் பழக்கம் உருவாகவில்லை. அதற்குத் தேவைப்பட்டது தோண்டுவதன் முடிவான வளை. தோண்டல் என்ற அசைவு அந்த வளைக்குப் போகும் வழி மட்டுமே. முடிவு கையில் கிடைத்ததும் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யத் தேவை இல்லாமல் போயிற்று.

எல்லா விலங்குக்கும் இது இப்படியே பொருந்தாது. சிலவற்றுக்கு முடிவு கிடைத்தாலும் போதாது, செயலையே செய்தாக வேண்டும். கோழிக்கு இறகு சுத்தமாக இருந்தாலும் மண்குளியல் வேண்டும். கம்பித் தரையில் நிற்கும் கோழி மண்ணே இல்லாமல் குளியலின் அசைவுகளை வெறுமனே செய்துகாட்டும். குதிரைக்கு வயிற்றுக்குப் போதுமான சத்து அடர்தீவனத்தில் கிடைத்துவிடும், ஆனால் ஒரு நாளில் பாதிக்கு மேல் மேய்ந்து மெல்லவேண்டிய வாய்க்கு வேலை கிடைக்காது. அந்த வாய்தான் மரச்சட்டத்தைக் கவ்விக் காற்றை இழுக்கத் தொடங்குகிறது. ஆகவே எந்த இனமாக இருந்தாலும் முதல் வேலை, அதற்கு முடிவு முக்கியமா, செயல் முக்கியமா என்று பிரித்தறிவது.

விலங்கிடமே கேட்கவும் வழி உண்டு. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கதவு வைத்து, கதவின் எடையைப் படிப்படியாகக் கூட்டினால், எதற்காக அது எவ்வளவு பாடுபடுகிறது என்பது தெரிந்துவிடும். ஜார்ஜியா மேசனும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் பண்ணை மிங்குகளிடம் இதைச் செய்தார்கள். மிங்கு, மென்மயிருக்காக வளர்க்கப்படும் சிறு ஊனுண்ணி. மேடை, கூடுதல் கூடு, குழாய், விளையாட்டுப் பொருள், நீந்தும் குளம் எல்லாம் இருந்தன. மிங்குகள் மிகப் பாடுபட்டுத் திறந்தது குளத்தின் கதவை. குளத்தை அடைத்தபோது சிறுநீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த விலங்குகள் அவை. "இது காட்டைப் பார்த்ததே இல்லை, ஏங்க என்ன இருக்கிறது" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

இனி சிறுத்தைக்கு வருவோம். தடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மண் இறுகிப் பளபளப்பாக இருக்கும். திரும்பும் இரண்டு முனைகளிலும் பாதம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் விழும், தலை அதே பக்கம் சாயும். தடம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பராமரிப்பாளர் வரும் கதவை ஒட்டி ஓடினால், உணவுக்கான காத்திருப்பு. பக்கத்து அடைப்பின் புலியோ இன்னொரு சிறுத்தையோ தெரியும் பக்கம் என்றால் எல்லைப் பதற்றம், அல்லது இணை தேடல். பார்வையாளர் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, வேலி முழுக்க ஓடினால் தப்பிக்கும் முயற்சி. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பந்து மூன்றில் எதற்குமே மருந்து இல்லை.

ஒளிவிடத்தில் தொடங்குங்கள். பூனைக் குடும்பத்துக்கு இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள மாற்றம் இல்லை. கேத்தி கார்ல்ஸ்டெட் குழுவினர் 1993-இல் சிறுத்தைப் பூனைகளை (சிறு காட்டுப்பூனை இனம்) வெறுமையான கூண்டுகளில் வைத்தபோது கார்டிசால் உயர்ந்தது. கிளைகளையும் ஒளிவிடங்களையும் சேர்த்ததும் கார்டிசாலும் நடையும் இறங்கின, சுற்றித் துழாவும் பழக்கம் கூடியது. ஒளிந்துகொள்ள முடிகிற விலங்கு பார்வையாளர் கண்ணில் படாமல் போய்விடும் என்ற பயத்தில் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். பாதுகாப்பாக ஒதுங்க இடம் உள்ள விலங்கு வெளியே வரவும் துணியும். திறந்த வெளியில் சிக்கிய விலங்குதான் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்.

ஒளிவிடம் என்றால் பெட்டி மட்டும் இல்லை. சிறுத்தைக்கு உயரமே ஒளிவிடம். பார்வையாளர் தலைமட்டத்துக்கு மேலே ஒரு மேடை, அது உடலை முழுக்க நீட்டிப் படுக்கிற நீளத்தில், பின்புறம் அடைத்து, முன்புறம் இலைமறைவாக. ஒன்று போதாது, வெயில் படும் இடத்தில் ஒன்று, நிழலில் ஒன்று, மழை படாமல் ஒன்று. மேடைகளைத் தரைக்கு வராமலே கடக்கும்படி கட்டைகளால் இணைத்தால் ஒரே அடைப்பு இரண்டு அடுக்காகிவிடும். இதில்தான் "ஒன்றரை மடங்கு பெரிதாக்கினோம்" என்ற கணக்கு தோற்கிறது. வெறுமையான தரையைச் சேர்த்தால் தடம் நீளும், அவ்வளவுதான். பரப்பைவிட அதன் தரம் முக்கியம் என்று ஹெய்னி ஹெடிகர் 1940-களிலேயே எழுதினார்; விலங்குக்காட்சியகங்களை நிர்வகித்த விலங்கியலாளர் அவர்.

அதற்காக அளவைத் தள்ளிவிடவும் கூடாது. ரோஸ் கிளப்பும் ஜார்ஜியா மேசனும் 2003-இல் பல ஊனுண்ணி இனங்களை ஒப்பிட்டபோது, இயற்கையில் பெரும் பரப்பில் அலையும் இனங்களே அடைப்பில் அதிகம் நடைபோடுகின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் சாகின்றன என்று கண்டார்கள். பனிக்கரடிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அடைப்பு, காட்டில் அதன் மிகச் சிறிய வாழ்பரப்பின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. எத்தனை பொம்மை போட்டாலும் இந்த இடைவெளி நிரம்பாது. சில இனங்களை வைக்காமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் நன்மை என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது உணவு. ஒரு நாளின் இறைச்சி முழுவதையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தட்டில் வைத்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மிச்சம் இருக்கும் இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கு அந்த விலங்குக்கு என்ன வேலை? அதே எடையை நாலு முதல் ஆறு பங்காகப் பிரித்து, விலங்கை இரவுக் கூண்டுக்குள் அடைத்திருக்கும்போது கட்டைக்குள், மேடைமேல், இலைக்குவியலுக்கு அடியில் வையுங்கள். இடங்கள் தினமும் மாறவேண்டும். கால்நடை மருத்துவர் ஒப்புதலுடன் தோலும் எலும்புமாக இறைச்சி கொடுத்தால் கிழிப்பதற்கே நெடுநேரம் ஆகும், கழுத்துத் தசைக்கும் பல்லுக்கும் நல்லது. ஹால் மார்க்கோவிட்ஸ் குழு 1995-இல் ஒரு சிறுத்தைக்கு ஒலியையே இரையாக்கியது: பறவையொலி ஓரிடத்தில் கேட்கும், சிறுத்தை அங்கே விரைந்தால் ஒலி நகரும், துரத்தி முடித்தால் உணவு விழும். சிறுத்தையின் சுறுசுறுப்பு கூடியது, நடை குறைந்தது. அவ்வளவு கருவி எல்லா இடத்திலும் முடியாது. ஆனால் அதன் உட்பொருளை எங்கும் செய்யலாம்: உணவு, விலங்கின் செயலுக்குப் பிறகு வரவேண்டும்.

நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். தினமும் சரியாக ஒரே மணிக்குக் கொடுத்தால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நடை உச்சத்தில் இருக்கும். சரி என்று நேரத்தைக் கலைத்தால், சாவிச் சத்தம், வாளிச் சத்தம், வண்டிச் சத்தம் ஒவ்வொன்றும் "இப்போதா?" என்று எழுப்பிவிடும், நடை நாள் முழுக்கப் பரவும். நேரம் மாறலாம், அறிகுறி மாறக்கூடாது. உணவு வரப்போகிறது என்றால் மட்டும் ஒலிக்கும் தனி மணி ஒன்றை வையுங்கள். உணவு இல்லாமல் வரும் வேலைக்கு வேறு கதவு, வேறு சத்தம். மணி ஒலிக்காத நேரத்தில் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை என்பதை விலங்கு சில வாரங்களில் கற்றுக்கொண்டு படுத்துவிடும்.

கட்டுப்பாடு விலங்கின் கையில் இருப்பது எவ்வளவு பெரிது என்பதற்கு 1976-இன் ரீசஸ் குரங்கு ஆய்வு சான்று. இரண்டு குழுக்களுக்கும் ஒரே அளவு உரத்த சத்தம். ஒரு குழு நெம்புகோலை அழுத்தி நிறுத்தலாம், மற்றது நிறுத்த முடியாது. நிறுத்த முடியாத குழுவில்தான் கார்டிசால் உயர்ந்தது. சத்தத்தின் அளவு ஒன்றாக இருந்தும், அதை நிறுத்த முடிந்ததா என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்கியது. ஆகையால் உள்கூண்டுக் கதவைப் பகலிலும் திறந்து வைப்பது, நிழலுக்கும் வெயிலுக்கும் தானே நகர விடுவது, பயிற்சிக்கு வர மறுக்கும் உரிமையைக் கொடுப்பது ஆகியவை எந்தப் பொம்மையையும் விட ஆழமாக வேலை செய்கின்றன.

சிறுவிலங்குகளில் இதே கருத்தை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். ஆய்வுக்கூடச் சுண்டெலி வசதியாக உணரும் வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். அறையோ வழக்கமாக 20 முதல் 24 வரைதான். அது ஓயாமல் குளிரில் இருக்கிறது. அறையைச் சூடாக்க வேண்டியதில்லை. ஒரு கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் நீளமான, சுருள்சுருளான காகிதக் கீற்று கொடுத்தால் தானே சூட்டை அமைத்துக்கொள்ளும். ஒரு கீற்றை வாயால் இழுத்து, பல்லால் நெடுக்காகக் கிழித்து, உடலைச் சுழற்றிச் சுற்றிலும் சுவராக அழுத்தும். மறுநாள் காலையில் மேல்மூடியுடன் உருண்டையான கூடு இருக்கவேண்டும். தட்டையாகவே கிடந்தால் பொருள் போதவில்லை, அல்லது கீற்று மிகக் குட்டை, அல்லது விலங்குக்கு உடம்பு சரியில்லை. கூண்டு மாற்றும்போது பழைய கூட்டுப் பொருளைப் புதுக் கூண்டுக்குக் கொண்டுபோகவும். சிறுநீர் படிந்த மரத்தூளைக் கொண்டுபோக வேண்டாம். ஆண் சுண்டெலிகளில் முதலாவது சண்டையைக் குறைக்கிறது, இரண்டாவது கூட்டுகிறது.

கூட்டமாக வாழும் விலங்குகளில் நல்ல பொருளே சண்டையைக் கிளப்பக்கூடும். ஒற்றை வாசல் உள்ள பெட்டியை வலுத்தது பிடித்துக்கொள்ளும், உள்ளே மாட்டியது அடிபடும். ஒளிவிடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேண்டும். உணவுப் புதிர்கள், அதாவது முயன்றுதான் உணவை எடுக்க முடிகிற பொருள்கள், விலங்கின் எண்ணிக்கையைவிட ஒன்றாவது கூடுதலாக, ஒன்றிலிருந்து இன்னொன்று தெரியாத தூரத்தில் இருக்கவேண்டும். வேலிகளில் முட்டுச்சந்து மூலை விடாதீர்கள்.

கிளிகளில் எதிர்க் கோளாறு நடக்கிறது: புதிரைக் கடினமாகத் தொடங்கி, "என் கிளிக்கு ஆர்வமில்லை" என்று கைவிடுவது. காட்டில் பல மணி நேரம் உணவு தேடும் பறவை கிண்ணத்திலிருந்து விரைவில் தின்று முடித்துவிடும். மிச்ச நேரத்தில் அலகு தன் இறகைத் தேடுகிறது. ஆரஞ்சு இறக்கை அமேசான் கிளிகளில் செய்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், தேடித் தின்னும் வாய்ப்பும் பலவிதமான அமர்விடங்களும் சேர்ந்து இறகு பறிப்பைத் தடுத்தன, ஏற்கெனவே தொடங்கியதைக் குறைத்தன. வரிசை இப்படி: முதல் வாரம் வழக்கமான கிண்ணம், மேலே மையில்லாத காகிதத் துண்டுகள் நாலைந்து மட்டும், உணவு தெரியும்படி. தயங்காமல் ஒதுக்கத் தொடங்கியதும் காகிதத்தால் முழுக்க மூடுங்கள். அடுத்து காகிதத்தில் தளர்வாகப் பொட்டலம் கட்டித் திறந்த தட்டில். பிறகு பொட்டலங்களைக் கூண்டின் வெவ்வேறு உயரங்களில் செருகலாம். மரத்துளைகளில் அடைப்பது கடைசியில். ஒவ்வொரு கட்டத்திலும் தினமும் எடை பாருங்கள். எடை இறங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். புதிரில் வைக்கும் உணவு அன்றைய அளவிலிருந்து கழிக்கப்பட்டதாக இருக்கவேண்டும். இதை மறந்ததால்தான் பல இடங்களில் வளமூட்டல் உடற்பருமனில் முடிகிறது.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். நைந்த கயிற்றின் இழை பறவையின் காலைச் சுற்றி இறுக்கும். துத்தநாகம் பூசிய சங்கிலியைக் கிளி கடித்துக்கொண்டே இருந்தால் உலோக நச்சு ஏறும். துருப்பிடிக்காத எஃகுதான் சரி. அட்டைப்பெட்டியிலிருந்து ஸ்டேப்பிள் பின், ஒட்டுநாடா எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துளை ஒன்று தலைக்குள் நுழையும் அளவில் இருந்தால் தலை திரும்பி வருமா என்றும் பார்க்கவேண்டும். அரளி போன்ற நச்சுச்செடியின் கிளை எந்த அடைப்புக்கும் ஆகாது. மணத்துக்காகத் தாவர உண்ணிகளின் சாணத்தை ஊனுண்ணிக்குப் போடுவதென்றால் முதலில் ஒட்டுண்ணிப் பரிசோதனை. ஊனுண்ணியின் வாடையை மானுக்குப் போடுவதோ வளமூட்டலே அல்ல, தப்ப முடியாத பயம்.

இவ்வளவும் பலித்ததா என்று எப்படித் தெரியும்? கணிப்பால் தெரியாது, எண்ண வேண்டும். எதையும் மாற்றும் முன் பத்து நாள்: காலை, நண்பகல், மாலை ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம்; ஒவ்வொரு நிமிடமும் முடியும்போது விலங்கு என்ன செய்கிறது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் குறியுங்கள். அடைப்பின் வரைபடத்தை எட்டு அல்லது பத்து கட்டமாகப் பிரித்தால் போதும். நாளுக்கு 90 குறி, பத்து நாளில் 900. பிறகு ஒரே ஒரு மாற்றம், மறுபடி பத்து நாள். மூன்று மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். புதுப்பொருளின் முதல் மூன்று நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது புதுமையின் பலன். உங்கள் பந்துக்கு நடந்ததும் அதுவே. பந்து, டயர் போன்றவற்றை ஒன்றிரண்டு நாள் வைத்து எடுத்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி வைத்தால் ஆர்வம் ஓரளவு மீளும். மேடை, ஒளிவிடம், கூட்டுப் பொருள் ஆகியவற்றைச் சுழற்சியில் எடுக்கவே கூடாது. அவை அதன் வீடு.

நடை முழுக்க நிற்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் படிந்த மீள்செய்கை, அதாவது இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம், காரணம் போன பிறகும் தழும்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். இளம் விலங்கில் எளிதில் மாறுவது வயதானதில் மாறாது. மோசமான ஒரே அடைப்பில், நடைபோடும் விலங்கைவிடச் சுவரைப் பார்த்தபடி அசையாமல் கிடக்கும் விலங்கு கூடுதல் துன்பத்தில் இருக்கக்கூடும். அது யாருக்கும் தொல்லை தராததால் பட்டியலில் ஏறுவதே இல்லை. ஆகவே தாளில் நடைக்கு ஒரு கட்டம் போடும்போது, விழித்தும் எதையும் செய்யாமல் கிடப்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். தூக்கமும் ஓய்வும் தனி. காது அசைகிறதா, ஒலி வந்தால் தலை திரும்புகிறதா என்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

உங்கள் சிறுத்தைக்கு நான் போடும் வரிசை: முதல் பத்து நாள் குறிப்பு, பிறகு உயரமான மறைவு மேடைகள், அதன்பின் உணவைப் பிரித்து ஒளித்தல், கடைசியில் மணியும் தனிக் கதவும். நாலாவது மாதத்திலும் மாலையில் மட்டும் பராமரிப்பாளர் கதவருகே கொஞ்ச நேரம் நடந்தால், அந்தக் கதவு வழியே உணவில்லாமல் யார் போய்வருகிறார்கள் என்று பாருங்கள்.